நாலாவது மாடியில் நின்ற பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்து நாலு வயதில் பியானோ படிக்க வேண்டும் என்று தோன்றியது. தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும் என்று வீட்டில் விட்டிருப்பார்கள். ஆனால் இசைத் தேர்வு எழுதப்போவதாக அவர் ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அங்கே அவருக்கு 'வித்துவான்' என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயர் இல்லை என்பது அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அவர்கள் இருமுகிற இருமலிலேயே தெரியும்.

பாடம் எடுப்பது மருமகள். விண்ணப்பத்தில் ஆசிரியர் கையெழுத்து வேண்டும்; வெள்ளிக்கிழமை கடைசி நாள். இரண்டு பாதி கொண்ட பாட்டு ஒன்றை ஒழுங்காக எழுதிக் காட்டினால்தான் கையெழுத்து என்று அவள் சொல்லிவிட்டாள். உறவு வேறு, தேர்வு வேறாம்.

"சுலபம் மாமா. முதல் பாதி வீட்டு ஸ்வரத்துல, அதாவது பாட்டோட ஆதார ஸ்வரத்துல கிளம்பி, வேற ஸ்வரத்துல போய் நிக்கணும். ரெண்டாவது பாதி அங்கேருந்து சுத்திக்கிட்டு வீடு வந்து சேரணும். ஒவ்வொரு பாதியையும் ரெண்டு தடவை வாசிக்கணும். அவ்வளவுதான்."

வித்துவான் பதினோரு பாட்டு எழுதினார். பதினொன்றிலும் முதல் பாதியே வீடு வந்து சேர்ந்துவிட்டது.

"பாதியிலயே வந்து செருப்பைக் கழட்டிப் போட்டாச்சு. அப்புறம் ரெண்டாவது பாதி எதுக்கு மாமா, விருந்தாளி மாதிரி?"

"நடுவழியில நிறுத்தச் சொல்றியேம்மா. கை வரமாட்டேங்குது."

அவர் கையைக் குறை சொல்லியும் பயனில்லை. லிஃப்ட் தளத்துக்கு அரை விரல் மேலே நின்றால்கூட யாராவது தடுக்கி விழுவார்கள் என்று முப்பத்தோரு வருடமாகப் பயந்த கை அது. முதல் பாதி முடிகிற இடம் வந்தாலே பென்சில் தானாகக் கீழே இறங்கி வீட்டு ஸ்வரத்தில் சமமாக நின்றுகொள்ளும்.

"ஊரையே மேல ஏத்தி விடறவருக்கு ஒரு பாட்டை ஏத்தத் தெரியலை," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

புதன்கிழமை மருமகள் பொறுமையை மூட்டை கட்டி வைத்தாள். "மாமா, லிஃப்ட் மேல் மாடியில நிக்குதே, அது நடுவழியா?"

"அதெப்படி? தளத்தோட ஒட்டி, கதவு திறந்து, ஒழுங்காத்தான் நிக்கும்."

"அது உங்க வீடா?"

"இல்ல."

"அவ்வளவுதான். வீட்டு ஸ்வரத்துலேருந்து எண்ணி அஞ்சாவது ஸ்வரம். அங்க போய் ஒழுங்கா நில்லுங்க."

வித்துவான் யோசித்தார். "தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணணுமா?"

"சேர்த்துத்தான்."

"அப்போ அது நாலாவது மாடி. இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்."

காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தார். ஆனால் பாரம் ஏற்றிச் சோதிக்காமல் எதையும் நம்புகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வியாழன் காலை, தன் பராமரிப்பில் இருந்த நாலு மாடி அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டில், பாட்டை வாசித்துப் பதிந்து, ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தினார். ஏறும்போது முதல் பாதி இரண்டு தடவை, இறங்கும்போது இரண்டாம் பாதி இரண்டு தடவை. அந்த லிஃப்டின் வேகத்துக்கு மூன்றாவது தடவைகூட வாசிக்கலாம். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் கொடுக்க மாட்டார்கள், எதற்கு அவர்களுக்கு அந்தச் சங்கடம்.

நாலாவது மாடியில் மெத்தை விற்கும் கம்பெனி. நாற்பத்திரண்டு பேர் ஏறினார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் உட்கார்ந்த மாதிரி இல்லை. டைப் அடிக்கிறவள் தூக்கிய விரலை இறக்கவில்லை. டீ குடிக்கிற சாக்கில் ஒவ்வொருவராக இறங்கி மீதியைக் கேட்டார்கள். கீழே வந்ததும் மனசு நிறைந்தது. ஆனால் வேலைக்கு மறுபடி ஏற வேண்டுமே. மதியத்துக்குள் ஒரு மெத்தைகூட விற்கவில்லை. லிஃப்ட் மட்டும் இருநூற்றுப் பத்து தடவை ஓடியிருந்தது.

மாடியில் மிஞ்சியவர் மேலாளர் ஒருவர்தான். டாக்டர் சொல்லிப் படியில் ஏறுகிறவர். படியிலேயே இறங்கி வந்து வித்துவானைப் பிடித்தார்.

"யோவ், அதைக் கழட்டுய்யா."

"கழட்டுறேன் சார். என்ன கோளாறுன்னு ஒரு தடவை ஏறிப் பார்த்துச் சொல்லிடுங்களேன்."

மேலாளர் ஏறினார். நாலாவது மாடியில் கதவு திறந்தது, வெளியே வந்தார். வித்துவான் சொல்பேச்சு கேட்கிறவர். அந்த நிமிஷமே ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

வெள்ளி மாலை மருமகள் தாளைப் பார்த்தாள். பேனா கையில் இருந்தது, மூடியும் அதன்மேலேயே இருந்தது. "தாள்ல சரியாத்தான் இருக்கு மாமா. ஆனா முதல் பாதி நிஜமாவே வேற இடத்துக்குப் போச்சா, இல்ல சும்மா எட்டிப் பார்த்துட்டு வந்துடுச்சான்னுதான் சந்தேகம்."

அழைப்பு மணி அடித்தது. வாசலில் மேலாளர். லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் அவசர எண்ணைக் கூப்பிட்டு விலாசம் வாங்கி வந்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"மீதி," என்றார்.

"என்ன மீதி சார்?"

"நேத்துலேருந்து மேலயே நிக்கிறேன்யா."

மருமகள் மேலாளரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், பேனா மூடியைத் திறந்தாள். கையெழுத்தின் கடைசிப் புள்ளி விழும்வரை வித்துவான் பியானோ பக்கம் திரும்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து இரண்டாம் பாதியை வாசித்தார். மேலாளரின் தோள்கள் மெல்ல இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றன.

"ரெண்டாவது தடவையும் வாசிச்சிருங்க," என்றார். மரியாதை தானாக வந்துவிட்டது.

வாசித்தார். மேலாளர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தெருவில் இறங்கியவர், சந்தோஷத்தில், பாட்டின் முதல் பாதியை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

வித்துவான் பியானோவை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாசல் கதவையும் மூட வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார்.