ஜூலை பதினாலு வரட்டும்

என் மாமனார் குப்பண்ணன் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. வடகரப்பதியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு கிடந்தவர். எங்கள் பஞ்சாயத்து மெம்பர் பெயரைக் கேட்டால் யோசிப்பார். பிரான்ஸ் நாட்டுக்காரர்களின் தேசியத் திருநாள் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார், ஜூலை பதினாலு என்பார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் என் வீட்டுக்காரர் சிவப்பிரகாஷ். அவர் பிரான்ஸில் ஜெயிலில் இருக்கிறார்.

வாளையார் வழியாக லாரி ஓட்டிக்கொண்டு ஒழுங்காக இருந்த மனுஷன். ஐரோப்பாவில் டிரைவருக்கு ராஜ வாழ்க்கை என்று ஒரு ஏஜெண்ட் வந்து சொன்னான். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு? நான் அன்றைக்கே சொன்னேன், கேட்கவில்லை, போனார். அங்கே ஒரு துறைமுகத்தில் சோதனை போட்டபோது, அவர் வண்டியில் சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். கள்ளத்தனமாகக் கடல் தாண்டப் பார்த்தவர்கள். தனக்கு ஒன்றும் தெரியாது என்று இவர் சொன்னதைக் கோர்ட் நம்பவில்லை. நான் நம்புகிறேன். நம்பாவிட்டால் நான் எப்படிச் சோறு தின்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிலிலிருந்து ஃபோன் வரும். நாங்கள் கூப்பிட வழி கிடையாது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமாவின் கட்டிலைச் சுற்றி உட்காருவோம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் அத்தை மருதாத்தாள் அழ ஆரம்பித்துவிடுவார். அதனால் இவர் ஊர்க்கதை சொல்வார். பாதி ஆயுளை ஜெயிலிலேயே கழித்த ஒரு கிழவன் அவரோடு ஒரே அறையில் இருந்தான். கதையெல்லாம் அவன் சொன்னது.

"அந்தக் காலத்துல பாரிஸ்ல ராஜாவோட ஜெயிலு ஒண்ணு, கோட்டையாட்ட இருந்துச்சாமுங்கப்பா. ஜூலை பதினாலாந் தேதி சனங்க திரண்டு போயி அதைப் புடிச்சு, அப்பறம் இடிச்சே போட்டாங்க. அதுதான் இவங்களுக்குப் பெரிய நோம்பி."

"உள்ள எத்தனை பேரு இருந்தாங்க?"

"ஏழே பேருங்க."

"ஏழு பேத்துக்காகவா ஒரு ஊரே கெளம்பிப் போச்சு?" என்றார் மாமா. அந்த வாரம் முழுக்க, தோட்டத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

அடுத்தடுத்த வாரங்களில் மீதியும் வந்தது. அன்றைக்குப் பட்டாளம் அணிவகுத்துப் போகுமாம். விமானங்கள் நீலம், வெள்ளை, சிவப்பு என்று புகை விடுமாம். ஊருக்கு ஊர் வாணவேடிக்கை. தீயணைப்பு நிலையங்களைத் திறந்துவிட்டு, ஊர்ச்சனம் எல்லாம் உள்ளே போய் ஆடுமாம். "அவனுகளும் சேந்து ஆடிட்டு இருந்தா தீயை ஆரு அணைக்கறது?" என்று மாமா சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான். பிறகு இவர் சொன்னார்: "அன்னைக்குப் பிரசிடெண்டு கைதிகளை விடுவாராமுங்கப்பா. கூட்டங்கூட்டமா. இந்தக் கெழவனே முந்தி ஒருக்கா அப்படி வெளிய போயி, மறுபடி மாட்டுனவனாம்."

மாமாவுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. "நம்மூர்ல ஆகஸ்ட் பதினஞ்சுக்கு விடறாங்கல்லொ, அதாட்டந்தான்" என்றார்.

மே மாதம் தென்னை மட்டை கிழித்து மாமாவின் காலில் புண் வந்தது. சர்க்கரை உடம்பு, ஆறவில்லை. கோயம்புத்தூர் டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு விரலை இப்போதே எடுத்துவிட்டால் கால் தப்பிக்கும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மாமா எழுந்து வந்துவிட்டார்.

"ஒத்தைப் பையன் பக்கத்துல நிக்காம நான் அந்த மேசையில ஏற மாட்டேன். ஏறிப் போயிட்டன்னா எனக்குக் கொள்ளி வெக்கறது ஆரு? ஜூலை பதினாலு வரட்டும்."

அத்தை கெஞ்சினார். நான் சண்டையே போட்டேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. சிசிலியைக் கூப்பிட்டேன். உடும்பஞ்சோலைக்காரி, பிரான்ஸில் நர்ஸ், இவர் கேஸில் வக்கீலுக்கும் எங்களுக்கும் நடுவே பேசி உதவியவள். அவள் விசாரித்துவிட்டு மறுநாள் சொன்னாள்.

"அது பண்டு இருந்துச்சு சேச்சி. அப்படிக் கூட்டமா விடுறத நிறுத்தி வருஷக்கணக்காச்சு. இப்ப சட்டத்துலயே இடமில்ல. அந்தக் கிழவன் தன் வயசுக் காலத்துக் கதையச் சொல்லியிருக்கான்."

நான் ஒளித்து மறைத்துப் பேசுகிறவள் இல்லை. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. நேராகக் கட்டிலுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். ஏழு பேர் கதையையும் விடவில்லை. "அவங்க கோட்டைக்குப் போனது வெடிமருந்துக்குங்க மாமா, ஆளுகளுக்கு இல்லீங்க. படிச்சுப் பாத்துட்டேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ற பையன் உள்ள இருந்துட்டுச் சொல்றான். நீ இங்க உக்காந்துட்டுச் சொல்ற. அவன் வரக்கூடாதுன்னு நெனைக்கறயா அம்மிணி?"

அந்த வார்த்தைக்கு நான் அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. அடுத்த ஞாயிறு ஃபோனை வாசலுக்கு எடுத்துப்போய், சிசிலி சொன்னது உட்பட எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். "உங்கப்பா காலு அழுகுதுங்க. கட்டுப் பிரிச்சா பக்கத்துல நிக்க முடியலை. நான் வர மாட்டேன், நீங்க ஆசுபத்திரிக்குப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

 "அப்பாகிட்டக் குடு" என்றார். கொடுத்தேன்.

"அப்பா."

"சாமி, வருவதானே?"

"வந்துருவேனுங்கப்பா."

ஃபோனைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. அப்பா முகத்தைப் பார்க்காமலே அப்பாவுக்குப் பயப்படுகிற பிள்ளை என்று மனதுக்குள் வைதேன். மாமா அன்று ராகிக் களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பதினாலாம் தேதி மத்தியானம், காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு என் செல்ஃபோனில் அந்த அணிவகுப்பு முழுவதையும் பார்த்தார். முட்டிக்குக் கீழே கறுத்திருந்தது. குதிரைகள் போயின, பீரங்கி வண்டிகள் போயின, விமானங்கள் மூன்று நிறத்தில் புகை விட்டன. "ஜெயிலுப் பக்கம் எப்பக் காட்டுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்து சனங்கள் கலைந்தார்கள். திரை அணைந்த பிறகும் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவரே சொன்னார், "ஆம்புலன்ஸைக் கூப்பிடு அம்மிணி." அதற்குள் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இனி காலை எடுத்தும் பயனில்லை என்றார்கள். மேசையில் ஏற்றவே இல்லை. அதற்கடுத்த நாள் போய்விட்டார். பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். பேரூர் ஆற்றில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம்.

ஜெயில் பாதிரியார் மூலம் இவருக்குச் சேதி சொல்லட்டுமா என்று சிசிலி கேட்டாள். அத்தைதான் வேண்டாம் என்றார். "தனியாக் கெடக்கறான். நாம சொன்னாத்தான் நம்ம கொரலையாவது கேட்டுட்டு அழுவான்."

ஞாயிறு வந்தது. நான் தயாராகத்தான் இருந்தேன். உங்கள் பேச்சை நம்பித்தான் உங்கப்பா செத்தார் என்று முதல் வார்த்தையாகச் சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். பொய் சொல்வானேன், அப்படி நினைத்ததில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

அவர் முந்திக்கொண்டார். "கிருத்தி, இந்த வருஷம் விடலை. ஏதோ தடங்கலாம். அடுத்த வருஷம் கண்டிப்பா விட்டுருவாங்க. கெழவன் சத்தியம் பண்றான்."

குரலில் உற்சாகம் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷன் அப்பாவை ஏமாற்றவே இல்லை. சிசிலி சொன்னதை நான் எடுத்துச் சொல்லியும், அந்த நாள் சும்மா கடந்து போனதைப் பார்த்தும், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தச் சுவர்களுக்குள் அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு, அப்பாவும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? 

"அப்பா எங்க? காலு எப்படி இருக்குது?"

அத்தை என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். "இங்கதான் இருக்கறாரு சாமி. தொண்டை கட்டிப்போச்சு, பேச முடியலை. நீ சொல்லு, கேக்கறாரு."

"அப்பா, வெசனப்படாதீங்க. கிருத்தி சொன்னப்ப எனக்கு வாய் வரலீங்க. இப்பச் சொல்றேன். எனக்காகக் காத்துட்டு இருக்காதீங்க. நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போயி அந்த வெரலை எடுத்துப்போடுங்க. பயமே வேண்டாம். போறீங்களாப்பா? சரின்னு சொல்லச் சொல்லும்மா."

"சரிங்கறாரு சாமி" என்றார் அத்தை.