நமச்சிவாயம் பிள்ளையின் பத்தியம்

பிரம்மநாயகிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? புருசன் நமச்சிவாயம் பிள்ளை தாசில்தாராக இருந்து ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனுசன். அப்பேர்ப்பட்டவர் பாளையங்கோட்டை டாக்டர் கொடுத்த கொழுப்பு மாத்திரையை அலமாரியில் போட்டுவிட்டு, மருதம்பட்டைக் கசாயம் குடித்துக்கொண்டிருக்கிறார்.

“ஏட்டி, நாம சைவம்லா? முட்டைகூடத் தொடாதவனுக்குக் கொழுப்பு எங்கன இருந்து வரும்? ரத்தம் எடுத்தவன் சீசாவை மாத்திட்டான்!”

தொடாதவர்தான். ஆனால் தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றிய சொதி வேண்டும், அதன்மேல் நெய் மிதக்க வேண்டும். கசாயம் குடித்த வாய் கசக்கிறதென்று அல்வாவை வேறு உருட்டி உள்ளே தள்ளுவார். இதற்குப் பேர் வைத்தியமாம், வெட்கக்கேடு!

இன்று காலை மாடிப்படி ஏறினவர் பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. கேட்டால் வாயுவாம்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. நேரே அடுத்த தெருவிலிருந்த வைத்தியர் அப்பாத்துரை வீட்டுக்குப் போய்ச் சண்டைக்கு நின்றாள்.

“என்ன வைத்தியம் பாக்கீக அண்ணாச்சி? டாக்டர் மாத்திரையை ஒதுக்கிட்டு உங்க கசாயத்தைக் குடிச்சவுக, காலையில நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்துட்டாக. அவுகளைக் கொல்லவா பாக்கீக?”

வைத்தியர் பதறிப்போனார். “தேங்கா, நெய், இனிப்பு எல்லாத்தையும் தள்ளணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா! டாக்டர் மாத்திரை தந்ததை எங்கிட்ட மூச்சு விடலியே. நெஞ்சு வலின்னா இங்கன ஏன் நிக்கீக? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடுங்க!”

அவள் ஆட்டோவோடு வீடு திரும்பினாள். பிள்ளைவாள் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்கட்டி போன? சொதி ஆறுது.”

“வைத்தியரும் டாக்டரும் ஒரே பேச்சுதான் பேசுதாக. ரெண்டு பேரையும் ஏமாத்துன ஒரே ஆளு நீங்கதான். பெரிய சாமர்த்தியசாலி! எந்திரிங்க.”

“வாயுன்னு சொன்னேம்லா…”

“வாயாலதான் எல்லாம் வந்தது. எந்திரிங்கன்னா!”

அவர் எழுந்திருக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாசில்தார் குரல் எங்கேயோ போய், பையச் சொன்னார். “ஆயுசுக்கும் மாத்திரை திங்கணும்னான்ட்டி அந்த டாக்டர். எங்க அண்ணன் மாத்திரை ஆரம்பிச்ச வருசமேதானே போனான். எனக்குப் பயமா இருக்கு.”

பிரம்மநாயகி அவர் முன்னாலிருந்த இலையை எடுத்து மடக்கினாள். மடக்கின வேகத்திலேயே கோபமும் வந்தது.

“பயம்னா பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லணும். அல்வாகிட்டயா சொல்லுவாக?”

கொடியில் கிடந்த நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவருக்குப் பொத்தான் போட வரவில்லை. கையைத் தட்டிவிட்டு அவளே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள், ஏசிக்கொண்டே.