வாத்து கேட்ட கேள்வி

எங்கள் நர்ஸ் மெர்சி சிஸ்டர் இரண்டாவது வாரமும் தடுப்பூசி மருந்தைக் கழித்துக் கட்டியபோது எனக்கு வந்த கோபத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பேன். அரசாங்கக் கம்ப்யூட்டர் என்பதால் விட்டேன்.

வாழவந்தி நாட்டுச் சுகாதார நிலையத்தில் நான் பதிவு வேலை பார்க்கிறேன். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. பெயர் தேன்மொழி, பி.சி.ஏ. படித்தவள். எங்கள் மருந்து ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி உண்டு. உள்ளே எவ்வளவு குளிர் என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செல்போன் டவர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மருந்து உறைந்தால் வீண். திரை சிவப்பானால் கழித்துவிட வேண்டும் என்பது விதி. மழை வந்தால் எங்கள் மலையில் முதலில் போவது டவர். டவர் போனால் திரை சிவப்பு.

இரண்டு புதன்கிழமையும் பெரக்கரை நாட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்த பொன்னாயி வெறுமனே திரும்பினாள்.

"ஏனுங்க, பஸ்ஸ உட்டு எறங்கி எம்புட்டு தூரம் நடந்து வாரேன்! அடுத்த வாரமும் இதே பேச்சுன்னா இனி வரமாட்டனுங்க. ஊசியே வேண்டாமுங்க" என்றாள். சொன்னால் செய்கிறவள் என்று முகத்திலேயே தெரிந்தது.

திரைக்கு நிறம் சொல்லும் மென்பொருளின் வரிகள் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து கண்டுபிடித்துவிட்டேன். அளவு வராத நேரத்தையெல்லாம் அது பூஜ்யம் டிகிரி என்று எழுதிக்கொள்கிறது!

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதியவர் பெயர், நாள், காரணம். இந்த வரிக்குப் பதினொரு வருடம். "அளவு வராவிட்டால் மோசம் என்றே வைத்துக்கொள்வோம்" என்று யாரோ காரணம் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நாலாயிரத்துச் சொச்சம் மாற்றங்கள், ஒன்றுகூடத் தொலையாமல் இருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எங்கள் ஆபீஸில் போன மாத ரிஜிஸ்டரையே தேட வேண்டியிருக்கிறது.

என் திருத்தம் ஒரே வரி: அளவு வராத நேரத்தைக் கணக்கில் எடுக்காதே. மலையில் பிறந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? டவர் போகும், வரும். நடுவில் ஒன்றும் நடந்திருக்காது. அனுப்பிவிட்டேன்.

"நம்ம கம்ப்யூட்டர்ல மட்டும் இப்பவே மாத்திரட்டுங்களா, சிஸ்டர்?"

"நீ தனியா மாத்துனத நம்பி நான் குழந்தைக்கு ஊசி போடமாட்டேன். நாலு பேர் பாத்து ஒத்துக்கட்டும்."

மறுநாள் பதில் வந்தது. தன் முகத்துக்குப் பதில் வாத்துப் படம் வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார். எந்த ஊர், ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. "நன்றி. ஒரு கேள்வி. சிக்னல் இல்லாத நேரத்தில் மருந்து உண்மையிலேயே உறைந்திருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாத்து எங்கள் மலையைப் பார்த்திருக்கிறதா? மூன்று தடவை காரசாரமாக எழுதி அழித்தேன். நாலாவது தடவை கை நின்றுவிட்டது. தெரியாதுதான்.

வெப்பமானியின் கையேட்டைத் தேடிப் படித்தேன். டவர் இல்லாவிட்டாலும் அது அளந்துகொண்டேதான் இருக்கிறது. நாற்பது நாள் அளவுகள் அதன் வயிற்றுக்குள் பத்திரம். யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். டவர் திரும்பியதும் விட்டுப்போனதை வாங்கிப் பார்த்துவிட்டு நிறம் சொல், அதுவரை சாம்பல் நிறத்தில் இரு என்று பதினெட்டு வரி எழுதினேன். வாத்து இரண்டு பிழை காட்டியது, திருத்தினேன். வேறொரு தேசத்து மலையிலிருந்து ஒரு மருத்துவர், "எங்களுக்கும் இதே தொல்லை. போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்று எழுதினார். செவ்வாய் மதியம் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நாலாயிரத்துக்குப் பின்னால் என் பெயர், நாள், காரணம்.

புதன் காலை சிஸ்டரே பக்கத்தில் நின்று புதியதைப் போடச் சொன்னார். விடியற்காலை மழையில் டவர் போய் வந்திருந்தது. திரை சாம்பலாக நின்றது. வாசலில் பொன்னாயியும் நின்றாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தன: நாலு, நாலரை, ஐந்து. பச்சை!

"உள்ள வா கண்ணு" என்றேன். ஊசி ஏறியதும் குழந்தை ஊரைக் கூட்டியது. அவ்வளவு சந்தோஷமாக ஓர் அழுகையை நான் கேட்டதில்லை.

வெப்பமானி நிறுத்தவில்லை. பழைய வாரங்களையும் கொடுத்துக்கொண்டே போனது. முதல் புதன்: நாலு, நாலு, ஐந்து. நல்ல மருந்தைக் கழித்திருக்கிறோம்.

"பாத்தீங்களா சிஸ்டர்!" என்று குதித்தேன்.

இரண்டாவது புதன்: மூன்று, ஒன்று, பூஜ்யம். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு. கீழே மூன்று. டவர் இல்லாத இரண்டு மணி நேரம் அப்படியே. டவர் வந்தபோது மறுபடி மூன்று.

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்குக் கரண்ட் போகும்னு நான்தான் குளிரைக் கூட்டி வச்சேன்."

என் ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் திரை பச்சையாகவே இருந்திருக்கும். செத்த மருந்தைப் போட்டு, பொன்னாயியைச் சிரித்த முகத்தோடு அனுப்பியிருப்போம்.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அந்த அளவுகளை அப்படியே எடுத்து வாத்துக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். நமக்குத் தெரிந்திருக்காது."