கராஜில் மட்டும் நன்றாக ஓடும் பிக்கப்

மூன்று வாரமாக அந்தப் பிக்கப் என் உயிரை எடுத்தது. வெள்ளவத்தையில் கல்யாணச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் பஹ்மியாவின் வண்டி. முப்பத்தெட்டு வருடப் பழைய பெற்றோல் எஞ்சின். புரியாணிச் சட்டிகளை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் போகும்போது மிஸ் அடிக்கும். அதாவது, நாலு சிலிண்டரும் வரிசையாக வெடிக்காமல் இடையிடையே ஒரு வெடிப்புத் தவறும். வண்டி விக்கி விக்கி நின்றுவிடும். மறுநாள் கொட்டாஞ்சேனையில் என் கராஜுக்கு வந்தால் ஒரு குறையும் இராது.

பிளக் நாலையும் மாற்றினேன். வயர்களை மாற்றினேன். கொயிலை மாற்றினேன். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் நின்றது.

“சிறில் அண்ணே, எஞ்சினுக்கு உங்களக் கண்டா பயம் போல. அடுத்த முறை நீங்களே முன்னுக்கு வந்து குந்திக்கோங்க” என்று போனில் குத்தலாகச் சொன்னார் பஹ்மியா.

அவருக்குச் சிரிக்கும் நிலை இல்லை. இன்னொரு தடவை சோறு பிந்தினால் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பாமன்கடை மண்டபக்காரர் சொல்லிவிட்டார். அது போனால் அவருடைய தொழிலில் பாதி போய்விடும். இந்தச் சனிக்கிழமை அங்கே முன்னூறு பேருக்குச் சாப்பாடு.

வெள்ளிக்கிழமை காலை, இன்னொரு தடவை காட்ட பஹ்மியா வண்டியைக் கொண்டுவந்தபோது, ஒழுங்கை முனையிலேயே அந்த மிஸ் அடிக்கும் சத்தம் கேட்டது. என் காதால் கேட்பது அதுதான் முதல் தடவை. கையைக்கூடத் துடைக்காமல் ஓடினேன்.

“நிப்பாட்டாதீங்க தங்கச்சி! ஸ்டார்ட்லயே வெச்சிருங்க!”

“மன்னிச்சிக்கோங்க அண்ணே, இண்டைக்குப் பெற்றோல் அடிக்க நேரமில்ல. டாங்கில கொஞ்சந்தான் ஈக்கி.”

“இண்டைக்கு எண்டா? மற்ற நாள்ல?”

“பெற்றோல் செட்டுக்குப் போய் நெறப்பிட்டுத்தானே கொண்டு வாற. வெறும் டாங்கியோட கராஜுக்கு வாகனம் விடுறது மரியாதையா? நீங்க ஓட்டிப் பாக்க உங்கட சல்லியிலயா பெற்றோல் அடிக்கிற?”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. “காய்ச்சல்காரனுக்கு வீட்டிலயே மருந்து குடுத்து, காய்ச்சலை இறக்கிப்போட்டு டொக்டரிட்டக் காட்டியிருக்கிறீங்க!”

“நீங்க கேக்கல்லயே!”

கேட்கவில்லைதான். பெற்றோல் அளவு காட்டும் முள் எப்போதோ செத்துப்போன வண்டி அது. டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பொனெட்டைத் திறந்தேன். பெற்றோலை வடிகட்டும் சின்ன டப்பா ஊடுதெரியும் பிளாஸ்டிக். உள்ளே சோடாப் போத்தல் மாதிரிக் குமிழ் ஓடியது.

“பாருங்க, பெற்றோலோட காத்தும் போகுது. காத்து போனா சிலிண்டருக்குப் பெற்றோல் பத்தாது. அதுதான் மிஸ்.”

“காத்து எங்கால வருது?”

“டாங்கிக்குள்ள ஒரு குழாய் அடிவரைக்கும் இறங்குது. எஞ்சின் பக்கத்தில இருக்கிற பம்ப் அதாலதான் பெற்றோலை உறிஞ்சுது, ஸ்ட்ரோவால தம்பிலி இளநி குடிக்கிற மாதிரி. அந்த ஸ்ட்ரோவுக்கு நடுவில ஓட்டை இருந்தா?”

பஹ்மியா கொஞ்சம் யோசித்தார். “ஓட்டைக்கு மேல தண்ணி ஈக்கும் மட்டும் ஒண்டும் தெரியாது.”

“கீழ இறங்கினா?”

“காத்துதான் வரும். அப்ப... கிழமை முழுக்கச் சந்தைக்கு ஓடி, சனிக்கிழமை ஆகக்குள்ள...”

“ஓம்! பாதிக்குக் கீழ போயிருக்கும்.”

“அப்ப நாளைக்கு நெறப்பிட்டுப் போனாப் போதுமே!”

“மூண்டு கிழமை என்னை ஆட்டிவெச்ச ஓட்டையைக் கண்ணால பாக்காம விடமாட்டன்.”

டாங்கியைக் காலிசெய்து இறக்கினேன். குழாயை வெளியே எடுத்து ஒரு முனையை விரலால் மூடி, மறுமுனையில் ஊதினேன். நடுவில் துரு தின்ற இடத்தில், குண்டூசித் தலையளவு ஓட்டையால் காற்று சீறியது.

அந்தக் குழாயை எறிந்துவிட்டு, அதே நீளத்துக்குப் புதுச் செப்புக் குழாய் வெட்டி ஈயம் வைத்து ஒட்டிப் பூட்டினேன். டாங்கியில் ஐந்து லீற்றர் மட்டும் ஊற்றி, முன்னூறு சாப்பாட்டின் பாரத்துக்கு மணல் மூட்டைகளை ஏற்றி, மட்டக்குளி வரை போய்வந்தோம். வடிகட்டியில் ஒரு குமிழும் இல்லை. எஞ்சின் ஒரு தடவையும் மிஸ் அடிக்கவில்லை.