பிறந்த வீட்டுக் கோடி

சட்டை கழன்று வர மறுத்தது. கை விறைத்துப்போயிருந்தது. கத்தரித்துவிடலாம் என்றார்கள் குளிப்பாட்ட வந்தவர்கள். புவனா விடவில்லை. பொத்தான்களைக் கழற்றிவிட்டுச் சட்டைப் பையைத் துழாவினாள். விடியற்காலை தறிக்குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அவள் புருஷன் திருமூர்த்தி, எழுந்திருக்கவே இல்லை. பையில் நாலாக மடித்த காலண்டர் தாள் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் பென்சிலில் வரைந்த ஒரு பாதம். மகள் லோகப்பிரியாவின் கால்.

அந்த வீட்டில் ஷூ எப்போதும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வரும். முனையில் காகிதத்தைத் திணித்து முதல் வருஷம், எடுத்துவிட்டு இரண்டாம் வருஷம். மிச்சம் பிடித்து வாழ்கிறவர்களுக்கு வேறு வழி ஏது? போன மாதம் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவளுக்குக் கடைசி வளைவில் ஷூ கழன்றுகொண்டது. இரண்டாவதாக வந்ததால் தப்பித்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். பார்த்துக்கொண்டு நின்ற திருமூர்த்தி வீடு வந்ததும் மகளைத் தாள்மேல் நிற்கவைத்துச் சுற்றி வரைந்தான். சனிக்கிழமை சம்பளத்தில் வாங்கிவிடலாம் என்றான். மூன்று சனிக்கிழமையும் வேறு செலவு வந்து விழுங்கியது. போட்டி நாளை மறுநாள்.

இத்தனை நாளும் பையிலேயே வைத்துத் திரிந்திருக்கிறானே மனுஷன். புவனா தாளோடு எழுந்தாள்.

கருமாதி முடிகிறவரை வீட்டுக்குள் புதுப்பொருள் எதுவும் வரக்கூடாது, புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிச் சேலையைத் தவிர. அதை எடுக்கத்தான் வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்த அவள் தம்பி சசிதர் அன்னூர்க் கடைவீதிக்கு வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தான். வாசலுக்கே போய்த் தாளை நீட்டினாள்.

"சேல வேண்டாங் கண்ணு. இந்த அளவுக்கு ஓடற ஷூ எடுத்துட்டு வா. துளிகூடப் பெருசா எடுத்துராத."

"ஏனுங்க்கா, சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். சேல பொட்டிக்குள்ளதான் கெடக்கும். இவ ஓடோணும்."

ஓடப் போவதில்லை என்று லோகப்பிரியா காலையிலேயே சொல்லிவிட்டு மூலையில் சுருண்டிருந்தாள்.

பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று கூட்டத்தில் யாரோ கேட்டபோது சசிதர் தாம்பாளத்தில் பூவும் வெற்றிலையும் வைத்து, நடுவில் ஷூவோடு வந்தான். காலில் போடுகிறதைத் தட்டில் வைத்துக் கோடி என்பதா என்று முகம் சிவந்து எழுந்தாள் திருமூர்த்தியின் அக்கா மாரியாத்தாள். புவனா தாளை அவள் கையில் கொடுத்தாள்.

"உங்க தம்பி எடுத்து வெச்ச அளவுதானுங்க நங்கை."

மாரியாத்தாள் பென்சில் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு தன் கையாலேயே தாம்பாளத்தை எடுத்துப்போய் மருமகள் லோகப்பிரியா முன்னால் வைத்தாள்.

"போட்டுப் பாரு அம்மணி," என்றாள் புவனா.

லோகப்பிரியா ஷூவுக்குள் இருந்த கடைக் காகிதத்தை உருவினாள். பழக்கத்தில் அதையே உருண்டையாக்கி முனைக்குள் திணிக்கப் போனாள். புவனா அவள் கையை விலக்கி, காலைப் பிடித்து உள்ளே நுழைத்தாள். கால் கச்சிதமாகப் போய் நின்றது. குனிந்து லேஸை இறுக்கி முடிந்தாள்.

நேரமாயிற்று, தூக்குங்கள் என்று வெளியே குரல் வந்தது. பிள்ளை எழுந்து நின்றாள். காகித உருண்டை அவள் கையிலேயே இருந்தது.