ஐம்பது என்றால் ஐம்பது மூட்டை

எங்கள் வீட்டில் நான் எதைச் சொன்னாலும் பாதியாக்கித்தான் கேட்பார்கள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு அல்ல. கல்யாணமான புதிதில் என் மனைவி ஆரம்பித்து வைத்தாள். பிறகு அது மகளுக்குப் போய், மகள் வழியாக மாப்பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டது. உறவுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் எனக்குப் 'பாதி' என்றே பட்டம் வைத்துவிட்டார்கள். "பாதி வந்தாச்சு, நாற்காலி போடு" என்பார்கள். முழு நாற்காலிதான் போடுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நான் லாரி எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேலையில் ஒரு கிலோ பிசகினது கிடையாது. ஒருமுறை ஒரு லாரி எடைமேடையில் நிற்கும்போது ஓட்டுநர் கொட்டாவி விட்டார். முள் இருபது கிலோ இறங்கியது. நடந்ததை வீட்டில் சொன்னேன். பத்து கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு கொட்டாவி எப்படிப் பத்து கிலோ வரும் என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாதியாக்கிவிட்டால் எல்லாம் உண்மையாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். தகடு வைத்து முடுக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடியிருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்கிறவரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது. வீடோ தெருவாசலைவிட ஓரடி உயரம், நடுவில் இரண்டு படி. மருத்துவமனையிலிருந்து வந்த அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். "சுவரு, சுவரு... உன் பக்கம் கொஞ்சம் சாய்ச்சுக்கோ... கை எடுத்துடாதே" என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டே ஏற்றினார்கள். உள்ளே வந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"இன்னொரு தடவை என்னை பீரோ மாதிரி தூக்க விடமாட்டேன். போனா உருண்டு போறேன், இல்லேன்னா இங்கயே கெடக்கேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான்; அவள் பேச்சை யாரும் பாதியாக்குவதில்லை. முதல் பரிசோதனைத் தேதி வந்தது. தூக்க ஆள் வந்து வாசலில் நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆள் போய்விட்டது, தேதியும் போய்விட்டது. அடுத்த தேதி கொடுத்தபோது, இதையும் விட்டால் தகடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று தன்னால் சொல்ல முடியாது, கால் இப்படியே மடங்கிப்போனாலும் போகலாம் என்று டாக்டர் போனில் அலுத்துக்கொண்டார். எல்லோருக்கும் அலுப்புதான். அவளுக்கு உட்கார்ந்து அலுப்பு. எனக்கு அவளைத் தூக்கி, திருப்பி, துடைத்து, படுக்கவைத்து, தலையணையை நகர்த்தி, நகர்த்தியது சரியில்லை என்று மறுபடி பழைய இடத்திலேயே வைத்து அலுப்பு. ஒரு நாள் நின்றபடியே தூங்கிவிட்டேன். கையில் இருந்த டீ ஆறி, மறுபடி வெயிலில் சூடாகி, அதைக் குடித்துத்தான் கண் விழித்தேன்.

வீட்டு வாசலிலிருந்து காம்பவுண்டுச் சுவரின் தெருக்கதவு வரை ஒரு சாய்தளம் போட்டுவிடுவது என்று முடிவானது.

இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அன்றைய வெயில் சாதாரண வெயில் இல்லை. ஒரு காக்கை நிழல் தேடிக் களைத்துப்போய்த் தன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தது. அளந்தேன். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் விட்டால்தான் நாற்காலி ஓடிப்போகாது, தள்ளுகிறவனுக்கும் மூச்சு வாங்காது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். வாசலுக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் சரியாகப் பன்னிரண்டடி இருந்தது. அகலம் மூன்றரை. பெருக்கினால் நாற்பத்திரண்டு கன அடி. ஆனால் அது முழுப் பெட்டி. சாய்தளம் என்பது மூலைக்கு மூலை அறுத்த பெட்டி, ஆகவே அதில் பாதி, இருபத்தொன்று. பிறகு சிமெண்ட் கடைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது, வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளைத்தான் பார்க்க முடிந்தது. மணல், ஜல்லி, சிமெண்ட் மூன்றும் கலந்தே மூட்டையாக வருகிறது, தண்ணீர் ஊற்றிக் குழைத்தால் போதும். ஒரு மூட்டை எவ்வளவு இடத்தை நிரப்பும் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது. அரைக் கன அடிக்குச் சற்றுக் குறைவு. வகுத்தேன். திரும்ப வகுத்தேன். என் வாழ்க்கையில் நானாகவே ஒன்றைப் பாதியாக்கியது அதுதான் முதல் தடவை.

ஐம்பது மூட்டை.

உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். எனக்குப் போனில் காது சரியாகக் கேட்காது. வீட்டுப் போன் பேச்செல்லாம் அவள் பொறுப்பு. நாற்காலியில் முடங்கிய பிறகு அவளுக்கென்று இருந்த ஒரே நடமாட்டம் அந்தப் போன்தான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சரி, மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போய்ப் படுங்கள் என்றாள். நான் படுத்தேன்.

கொத்தனார் வந்தார். முதுகுவலிக்காரர், குனிந்தால் நிமிர ஒரு ஆள் வேண்டும். அந்த ஒரு நாள்தான் அவரால் வர முடியும். மறுநாளிலிருந்து ஏதோ பெரிய கட்டடத்தில் வேலை, மாதக்கணக்கில் தலைகாட்ட மாட்டார். இன்று முடிந்தால்தான் அடுத்த வாரம் பரிசோதனைத் தேதிக்குள் இறுகும். உள்ளே செங்கல் உடைசலைப் போட்டு நிரப்பினால் மூட்டை மிச்சமாகுமே என்று ஒரு யோசனை சொன்னார். தெருவில் அப்போது உடைசல் என்று இருந்தது அவரும் நானும்தான்.

பக்கவாட்டில் பலகை அடைத்து முடித்தபோது சின்ன வண்டி வந்தது. மூட்டைகளைத் தெருக்கதவோரம் இறக்கிவிட்டு, தேநீர்கூட வேண்டாம் என்று போய்விட்டது. ஆறு மூட்டை. சின்ன வண்டிதானே, நடை நடையாகக் கொண்டுவருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். வருவதற்குள் ஆரம்பித்துவிடலாம் என்றார் கொத்தனார். தெருக்கதவுப் பக்கத்து மெல்லிய முனையிலிருந்து போட்டுக்கொண்டே வந்தோம். ஆறும் தீர்ந்தது. நாலடி நீளத்துக்கு ஒரு சாய்வு எழும்பி, நாலு விரல் உயரத்தில் சும்மா நின்றது. எறும்புக்கு வீட்டுவாசல் கட்டிய மாதிரி இருந்தது.

வண்டி வரவில்லை. கொத்தனார் கரண்டியைக் கழுவினார். காத்திருந்தார். கழுவின கரண்டியையே மறுபடி கழுவினார்.

"பெரியவரே, இது ஈரமா இருக்கும்போதே மேல போட்டாத்தான் ஒண்ணா புடிக்கும். காஞ்ச பிறகு போட்டா நடுவுல பிளந்துக்கும். நாளைக்கு நான் இல்ல, பாத்துக்கோங்க."

ஜன்னலுக்குப் போனேன். அவள் உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எத்தனை மூட்டை சொன்னே?"

"இருபத்தஞ்சு."

"நான் அம்பதுன்னேனே."

"நீங்க அம்பதுன்னா இருபத்தஞ்சு. கல்யாணமான நாள்லேர்ந்து அதுதானே கணக்கு?"

"இங்க ஆறுதான் வந்திருக்கு."

அவள் போனை எடுத்தாள். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். எதையும் தெளிவாகப் பார்க்கிற மனிதர் என்று பெயர். விசாரித்ததில் விஷயம் இதுதான். அத்தை இருபத்தைந்து என்றதும், மாமா சொன்ன எண்ணிக்கையை அத்தை அப்படியே சொல்கிறார் என்று நினைத்து, தன் பங்குக்குப் பாதியாக்கிப் பன்னிரண்டு என்று சிமெண்ட் கடைக்குச் சொல்லியிருக்கிறார். அரை மூட்டையை எனக்காகத் தள்ளுபடி செய்தாராம். கடைக்காரர் என் பால்ய சிநேகிதர், கொட்டாவிக் கதையை முதலில் கேட்டவர். யார் வீட்டுக்கு என்று கேட்டிருக்கிறார். மாமனார் வீட்டுக்கு என்றதும், "ஓ, பாதி வீட்டுக்கா" என்று ஆறை ஏற்றிவிட்டார்.

நல்லவேளை, வண்டி ஓட்டியவன் ஊருக்குப் புதுசு.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். உள்ளே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். சிமெண்ட் கையோடு உட்காராதீர்கள் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

"நெசமாவே அம்பதா?" என்றாள்.

"நெசமாவே."

"உங்க தலையில அடிச்சுச் சத்தியமா?"

"என் தலைய எதுக்கு நம்புறே, அதுவும் பாதிதான். இரு."

எழுந்துபோய்த் துணி துவைக்கிற சோப்புக்கட்டி ஒன்றையும் கத்தியையும் எடுத்துவந்தேன். கட்டியைப் படுக்கவைத்துக் காட்டினேன். இது நீளம், இது அகலம், இது நம் வாசல் உயரம்; இப்படி முழுசாகக் கட்டினால் நூறு மூட்டை. பிறகு மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் கோணலாக அறுத்தேன். இரண்டு துண்டு. ஒன்றை நிமிர்த்தி வைத்தேன். பார்க்கச் சின்னச் சாய்தளம் மாதிரியே இருந்தது. நூறைப் பாதியாக்கியாயிற்று, இனிப் பாதியாக்க ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் இரண்டு துண்டையும் வாங்கி ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். பிரித்துப் பார்த்தாள். என் வார்த்தையை நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். சோப்பை நம்பினாள்.

"இத்தனையும் நீங்கதானே தூக்கணும்னு இருந்துச்சு எனக்கு," என்றாள். "அம்பதுன்னு சொல்லும்போதே உங்க மூஞ்சி அப்படி வாடியிருந்துச்சு. பாதியே போதும்னு தோணிச்சு."

பிறகு போனை எடுத்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு நேராகக் கடைக்கே அடித்தாள். எனக்குப் போனில்தான் காது கேட்காது; அன்றைக்கு அவள் பேசியது தெருவுக்கே கேட்டது.

"அண்ணே, இது அவர் சொல்றதில்ல, நான் சொல்றேன். நாப்பத்திநாலு மூட்டை. இப்பவே வேணும். ஒண்ணு குறைஞ்சாலும் அந்த எடத்துல நீங்க வந்து படுத்துக்கணும். நான் உங்க மேலதான் வண்டிய ஓட்டிட்டுப் போவேன்."

பெரிய வண்டியே வந்தது. கடைக்காரர் கூடவே தொற்றிக்கொண்டு வந்து, இறங்கினதும் முதல் வேலையாக ஜன்னல் முன்னால் நின்று நாற்பத்துநாலையும் சத்தமாக எண்ணிக் காட்டினார். மாப்பிள்ளையும் வந்துவிட்டார், கண்ணாடிக் கடைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு. மாமா, தப்பா எடுத்துக்காதீங்க என்று ஆரம்பித்தார். மண்வெட்டியைக் கையில் கொடுத்தேன். அவர் குழைத்தார், நான் தண்ணீர் ஊற்றினேன், கொத்தனார் குனிந்து தேய்த்தார், கடைக்காரர் அவரை அவ்வப்போது நிமிர்த்தி விட்டார். மூட்டை தூக்கித் தூக்கி என் உயரம் ஓரங்குலம் குறைந்தது. இரண்டு அங்குலம் என்று சொன்னால்தான் வீட்டில் ஒரு அங்குலமாவது நிற்கும். பொழுது சாய்கிற நேரத்தில் சாய்தளம் போய் வாசலைத் தொட்டது. சக்கரம் வழுக்காமல் இருக்க மேலே துடைப்பத்தால் கோடு இழுத்தார் கொத்தனார்.

ஒரு மூட்டை மிச்சம்.

"பாத்தீங்களா," என்றாள் ஜன்னலிலிருந்து. "ஒரு மூட்டை புளுகு."

ஈரச்சாக்கைப் போட்டு மூடி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டுவந்தேன். அவள் உள்ளேயிருந்து அந்தப் பக்கம் விடவில்லை, இந்த ஓரம் காய்கிறது என்று கைகாட்டிக்கொண்டே இருந்தாள். மூடுவதற்கு முன்பே ஒரு நாய் மட்டும் ஈரச் சிமெண்டில் நடந்துபோய்க் காலடி பதித்துவிட்டது. அது அதன்பிறகு ஒரு வாரம் கனமாக நடந்தது.

பரிசோதனை நாள் வந்தது. வாசலில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பின்பக்கமாகத் திரும்பி இறங்குவதுதான் நல்லது என்று மாப்பிள்ளை சொன்னார். முன்பக்கமாகத்தான் போவேன், தெருவைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும் என்றாள். நான் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். ஆறு மூட்டையில் நின்றுபோய், பிறகு ஈரத்தோடு சேர்த்த இடம் வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டேன். சக்கரம் அதைத் தாண்டியது தெரியவேயில்லை. தெருக்கதவு வந்துவிட்டது. அவள் கதவைத் தானே கைநீட்டித் தள்ளித் திறந்தாள்.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கூடியிருக்கிறது, கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊன்றலாம் என்றார். பிறகு, போன தடவை வரவே மாட்டேன் என்றவர் இந்தத் தடவை எப்படி வந்தீர்கள் என்று அவளைக் கேட்டார்.

"இவர் எனக்காக வாசல்ல சாய்தளம் போட்டிருக்கார், டாக்டர்," என்றாள். "நூறு மூட்டை. அத்தனையும் இவர் ஒருத்தரே தூக்கினார்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நூறையும் முழுசாக நம்பிவிட்ட பார்வை. அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள், ஏதாவது சொல்லிப் பார் என்கிற மாதிரி.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நூறு மூட்டை தூக்கினவன் உட்காருகிற மாதிரி, மெல்ல உட்கார்ந்தேன்.