தனித் தட்டு

“அண்ணாத்த சளிய டெஸ்ட் பண்ணாங்களே, கிருமி கீதுன்னு வந்துச்சாக்கா?” என்று கேட்டாள் ஷீலா. செத்தவர்களின் வீடு தேடிப் போய், ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிய காரணம் சரிதானா என்று விசாரித்து எழுதுவது அவள் வேலை.

“மூணு தபா பண்ணாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க. அப்பறம் எக்ஸ்ரேவப் பாத்துட்டு, டி.பி.தான்னு மாத்திர குட்த்தாங்க” என்றாள் வச்சலா.

அந்த டி.பி.யை நம்பி அவள் செய்தது ஒன்றா இரண்டா! புருஷன் காத்தவராயனுக்குக் கொல்லையில் ஓலைக்கொட்டகை போட்டாள். தனித் தட்டு, தனிச் சொம்பு. ஒன்றரை வருஷம் அந்த மனுஷன் படியேறவில்லை. சாவதற்கு முந்தின நாள், “புள்ளைய ஒரே ஒரு தபா தூக்கிக்கிறேன் வச்சலா” என்று கெஞ்சினான். ஆறு வயது மகள் கீர்த்தனா அவனிடம் ஓடத்தான் பார்த்தாள். வச்சலா அவள் முதுகில் ஒன்று வைத்து, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“இன்னா வேல பாத்தாரு?”

“மாமல்லபுரத்துல செலைப் பட்டற. பதினெட்டு வருசமா மிஷின்ல கல்லு அறுத்தாரு. வூட்டுக்கு வந்தா மூஞ்செல்லாம் மாவு கொட்னாப்ல இருக்கும்.”

ஷீலா எழுதுவதை நிறுத்தினாள்.

“அக்கா, டாக்டருங்க பாத்துதான் முடிவா சொல்வாங்க. ஆனா இது டி.பி. மாதிரி தெரியல. கல்லுத் தூசு நெஞ்சுல கட்டிக்கினு வர்ற நோவு. இது ஒட்டாது.”

“ஒட்டாதா?”

“பக்கத்துல படுத்தாலும் ஒட்டாதுக்கா.”

வச்சலா கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியென்றால் அந்தக் கதவை எதற்குச் சாத்தினாள், பாவி? சட்டென்று ஆத்திரம் பொங்கியது, எதிரே உட்கார்ந்திருந்தவள்மேல்.

“சளியில கிருமி கீதுன்னுதான் சொன்னாங்க. நான் மறந்துட்டேன். மிஷின் வேலையும் இல்ல, சித்தாள் வேலதான். எழுதிக்கோ.”

“இப்பத்தானேக்கா வேற சொன்னீங்க? அதே பட்டறைல இன்னும் எத்தினி பேரு கீறாங்க. உள்ளத எழுதினாத்தான் அவங்களயாவது பாப்பாங்க.”

“செத்தது என் புருசன். டி.பி.ன்னே எழுது!”

ஷீலா எழுதிக்கொண்டாள். வச்சலா கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் கொழுந்தன் சூர்யா வந்தான். அண்ணன் பிடித்த அதே மிஷினை இப்போது பிடிக்கிறவன் அவன்தான். புருவம்வரை வெள்ளைத் தூசு. “சித்தப்பா!” என்று கீர்த்தனா ஓடிப்போய்த் தாவினாள். அவன் அள்ளித் தூக்கிக்கொண்டான்.

“யாரோ வந்தாங்களாமே அண்ணி?”

“உங்கண்ணன் எதுல செத்தாருன்னு கேக்க வந்தாங்க. டி.பி.ன்னு எழுதிக்கினு போனாங்க.”

“நல்ல வேள. நீ உஷாரா இருந்ததால நமக்கெல்லாம் ஒட்டல அண்ணி.”

தண்ணீர் மொண்டுவர உள்ளே போகத் திரும்பிய வச்சலா நின்று பார்த்தாள். சூர்யா பிள்ளையை இறக்கிவிட்டிருந்தான். கீர்த்தனாவின் நீலநிறப் பள்ளிக்கூடச் சட்டையில், விலாவின் இரண்டு பக்கமும், வெள்ளை வெளேரென்று அவன் விரல்கள் பதிந்திருந்தன.